கோவை சரளாவின் துண்டுக் காட்சிகள்: ஏன் இன்னும் ஓடுகின்றன, பணம் யாருக்குப் போகிறது?

திருப்பூர் பனியன் கம்பெனியில் சாப்பாட்டு நேரம். பல்லடம் பக்கம் தறிக்குடோனில் இரவு ஷிப்டு. கோவையில் பேக்கரி வாசலில் சாயங்கால டீ. இந்த மூன்று இடங்களிலும் செல்போனிலிருந்து அடிக்கடி கேட்கும் குரல் கோவை சரளாவுடையது. ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ ஓடும் காட்சிதான். பார்க்கிற பையன்களில் பலர் அந்தப் படம் தியேட்டருக்கு வந்தபோது பிறந்திருக்கவே மாட்டார்கள். படத்தின் பெயரைக் கேட்டால் தெரியாது, ஆனால் அடுத்து அவர் என்ன சொல்லப்போகிறார் என்பது மனப்பாடமாகத் தெரியும்.

இதையொட்டிச் சில கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. பழைய காட்சிகள் இப்போது ஏன் இவ்வளவு ஓடுகின்றன? அவர் பேசுவதுதான் கோவைத் தமிழா? லட்சக்கணக்கானவர்கள் பார்க்கிற வீடியோவால் அவருக்குப் பணம் வருமா? அவர் குரலில் இயந்திரம் பேசினால் அதைத் தடுக்கச் சட்டம் இருக்கிறதா? இவற்றுக்குப் பதில் காண, முதலில் அவர் எங்கிருந்து வந்தார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஊர்ப்பெயரோடு வந்த நடிகை

சரளா 1962இல் கோவையில் பிறந்தவர். பெயருக்கு முன்னால் ஊரைச் சேர்த்துக்கொள்வது நாடக, சினிமா உலகில் பழைய வழக்கம். அந்தப் பெயரோடு அவர் கோடம்பாக்கத்தில் நிலைபெற்ற 1980களில் அங்கே கொங்கு ஆட்கள் நிறையவே இருந்தார்கள். கோபி பக்கம் வெள்ளாங்கோயிலில் இருந்து பாக்யராஜ், உடுமலை பக்கத்துக் கிராமத்தில் இருந்து கவுண்டமணி, சூலூரில் இருந்து மணிவண்ணன், கோவையில் இருந்து சத்யராஜ். கோவையில் சென்ட்ரல் ஸ்டுடியோ, பட்சிராஜா ஸ்டுடியோ என்று படப்பிடிப்பு நிலையங்களே இருந்த காலம் ஒன்று உண்டு. 1954இல் வந்த 'மலைக்கள்ளன்' பட்சிராஜாவின் படம். அந்த ஸ்டுடியோக்களின் காலம் முடிந்தபின் இந்தப் பக்கத்து ஆட்கள் சென்னைக்குத்தான் ரயிலேற வேண்டியிருந்தது. போனவர்கள் ஊர்ப்பேச்சையும் கூடவே கொண்டுபோனார்கள்.

பாக்யராஜின் 'முந்தானை முடிச்சு' (1983) படத்தில் சரளாவுக்குச் சின்ன வேடம். 1985இல் வந்த 'சின்ன வீடு' படத்தில் அதே பாக்யராஜுக்கு அம்மா. பாக்யராஜ் 1953இல் பிறந்தவர். அப்படியென்றால் மகனைவிட அம்மாவுக்கு ஒன்பது வயது குறைவு. இருபத்து மூன்று வயதுப் பெண் நரைத்த தலையோடு வந்து நின்றபோது யாருக்கும் உறுத்தவில்லை. அவருடைய திறமையை அளக்க இந்த ஒரு தகவல் போதும் என்பது என் எண்ணம். நகைச்சுவை நடிகை என்ற முத்திரை விழுவதற்கு முன்பே, எந்த வயதையும் உடம்பில் ஏற்றிக்கொள்ளத் தெரிந்த நடிகை அவர்.

தனி ட்ராக் என்றால் என்ன

அடிப்படையாகப் புரிந்துகொள்ள வேண்டிய சொல் இது. தமிழ்ப் படங்களில் நெடுங்காலம் சிரிப்புக் காட்சிகள் மூலக்கதையோடு லேசாக மட்டுமே ஒட்டிக்கொண்டிருந்தன. என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும் தங்கள் பகுதியைத் தாங்களே தனியாக உருவாக்கிப் படத்துக்குள் வைத்த காலத்திலிருந்து இது நடக்கிறது. கவுண்டமணி, செந்தில் காலத்தில் ஏ. வீரப்பன் போன்றவர்கள் நகைச்சுவைப் பகுதியை மட்டும் எழுதினார்கள். கதாநாயகனின் கதை ஒரு பக்கம் ஓடும், அதற்கு நடுவே ஐந்தாறு சிரிப்புக் காட்சிகள் தனியாக ஓடும். இதைத்தான் சினிமாக்காரர்கள் ட்ராக் என்கிறார்கள்.

அந்தக் காட்சி ஒவ்வொன்றுக்கும் அதற்குள்ளேயே தொடக்கம், சிக்கல், அடி, முடிவு எல்லாம் இருக்கும். முன்கதை தெரிய வேண்டியதில்லை. படத்திலிருந்து உருவி எடுத்தாலும் காட்சி உயிரோடு இருக்கும். 'கரகாட்டக்காரன்' (1989) படத்தில் கரகாட்டக் குழுவோடு கவுண்டமணி, செந்தில், சரளா வரும் பகுதிகளைப் பார்த்தால் இது விளங்கும். நாயகன், நாயகி காதல் என்ன ஆனது என்று தெரியாமலே சிரிக்கலாம்.

இன்று செல்போனில் ஒரு நிமிடக் காட்சி என்ன கேட்கிறதோ அதைத் தமிழ்ச் சினிமா பல பத்தாண்டுகளுக்கு முன்பே, வேறு காரணத்துக்காக, செய்து வைத்துவிட்டது. அதே காலத்து உருக்கமான காட்சிகள் இந்த அளவுக்குச் சுற்றாததற்கும் இதுதான் காரணம். அழ வைக்க முன்கதை வேண்டும்.

பேச்சு செய்யும் வேலை

ட்ராக் எல்லாருக்கும் பொது. பலருடைய ட்ராக்குகள் மறந்துபோன பின்பும் சரளாவுடையது ஏன் நிற்கிறது என்பதற்கு அவர் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும்.

கொங்குத் தமிழின் அடையாளம் 'ங்க' என்று எல்லாருக்கும் தெரியும். வாங்க, போங்க என்பது எல்லா ஊரிலும் உண்டு. இங்கே பெயர்ச்சொல்லின் வாலிலும் வினாவின் வாலிலும் அது ஒட்டும். இல்லீங்க, ஏனுங்க, அப்படீங்களா. அதோடு 'என்னுடைய', 'உன்னுடைய' என்பவை என்ற, உன்ற ஆகும். பெண்பிள்ளையை அம்மிணி என்பார்கள். ஒட்டுக்கா என்றால் சேர்ந்து, அக்கட்டால என்றால் அந்தப் பக்கம், நோம்பி என்றால் பண்டிகை, அம்மாவைப் பெற்றவள் அமுச்சி.

இந்த 'ங்க'வுக்குள் ஒரு வசதி ஒளிந்திருக்கிறது. மரியாதையைக் கைவிடாமலே ஒருவரைக் கிழித்துவிடலாம். "ஏனுங்க, உங்களுக்கு அறிவுன்னு ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கோபி பக்கத்து வீட்டில் மனைவி கணவனைக் கேட்டால், சொல்லில் பணிவு குறையவே இல்லை. வசவு முழுதாகப் போய்ச் சேர்ந்தும்விடும். சொல்லின் வடிவம் ஒன்று, உள்ளே இருக்கும் சூடு வேறு. அந்த இடைவெளியில்தான் சிரிப்பு பிறக்கிறது. சரளா இந்த இடைவெளியை நன்றாக அறிந்தவர். கடைசி எழுத்தை இழுத்து நிறுத்தி, ஒரு கணம் கழித்துக் குரலைச் சட்டென்று ஏற்றுவார். கவுண்டமணியிடம் கொங்குப் பேச்சின் தெருச்சண்டை வெளிப்பட்டது என்றால், சரளாவிடம் அதன் வீட்டுச்சண்டை வெளிப்பட்டது.

இதற்கு முழு இடம் கிடைத்த படம் 'சதி லீலாவதி' (1995). பாலுமகேந்திரா இயக்கம், கிரேஸி மோகன் வசனம். கமல்ஹாசன் டாக்டர் சக்திவேல் கவுண்டராக, கோவைக்காரராக வருவார். சரளா அவருடைய மனைவி. நகைச்சுவை நடிகைக்கு அதுவரை கிடைத்த இடம் நகைச்சுவை நடிகரின் ஜோடி என்பதுதான். முன்னணி நாயகனின் மனைவியாகப் படம் முழுக்க, தன் ஊர்ப்பேச்சிலேயே, அவருக்குச் சரிசமமாக மல்லுக்கு நின்று பேசும் வேடம் அரிதிலும் அரிது. கமல் இந்தப் பேச்சைக் கேட்டுப் பழகிப் பிடித்தவர், சரளாவுக்கு அது பிறந்த ஊரின் பேச்சு. இரண்டு பேரும் ஒரே சட்டகத்தில் பேசும்போது இந்த வித்தியாசம் கேட்கும், கேட்க நன்றாகவும் இருக்கும்.

சரி, அப்படியென்றால் அவர் எல்லாப் படத்திலும் பேசுவது கொங்குத் தமிழா? இல்லை. வடிவேலுவோடு நடித்த படங்கள் பலவற்றில் அவர் பேச்சு பொதுவான கிராமத்துச் சினிமாப் பேச்சு. பெயரில் கோவை இருப்பதால் கேட்பவர்கள் எல்லாவற்றையும் கோவைப் பேச்சாகவே கேட்கிறார்கள். அதோடு, கொங்குத் தமிழ் ஒன்றே ஒன்று என்பதும் சரியில்லை. பொள்ளாச்சியில் பேசுவது போல் கரூரில் பேசுவதில்லை, தாராபுரத்துக் காதுக்குக் கோபிப் பேச்சில் வித்தியாசம் தெரியும். சினிமா அதில் ஒரு கீற்றை எடுத்துப் பெரிதாக்கிக் காட்டியது. வெளியூர்க்காரர்கள் நம் ஊரில் எல்லாரும் எந்நேரமும் அப்படியே பேசுவார்கள் என்று நினைத்துக்கொண்டு வந்தால், அந்தக் கீற்றின் பலம் அவ்வளவு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

வாங்கிக்கொண்டவர் திருப்பிக் கொடுத்தபோது

டி.பி. முத்துலட்சுமி, மனோரமா, சச்சு, காந்திமதி என்று ஒரு நீண்ட வரிசை சரளாவுக்கு முன்னால் இருக்கிறது. இவர்களில் மனோரமா தவிர மற்றவர்களுக்குக் காட்சியைத் தாங்கிப் பிடிக்கும் உரிமை அடிக்கடி கிடைக்கவில்லை. 1980களின் ட்ராக்குகளில் சரளாவுக்கும் அதே நிலைதான். நடிகர் கேலி செய்வார், நடிகை கேலிக்கு ஆளாவார். நிறம், உடம்பு, வயது என்று எதையும் விட்டுவைக்கவில்லை. இன்று அந்தக் காட்சிகளில் சிலவற்றைப் பார்க்கையில் மனசு பொக்கென்று ஆகிவிடுகிறது. அதைச் சொல்லாமல் அவருடைய வெற்றியை மட்டும் பேசுவது நேர்மையாகாது.

1990களில் இயக்குநர் வி. சேகரின் குடும்பப் படங்களில் இது தலைகீழானது. 'காலம் மாறிப்போச்சு' (1996), 'விரலுக்கேத்த வீக்கம்' (1999) போன்ற படங்களில் வடிவேலு கணவன், சரளா மனைவி. குடும்பத்துக்குள் ஆண் எப்படி நடந்துகொள்கிறான் என்பதுதான் இந்தப் படங்களின் மூலக்கதையே. அதனால் சிரிப்புப் பகுதியும் கதைக்கு ஒட்டியே வந்தது. வெளியே சவடால் அடிக்கும் கணவன், வீட்டுக்குள் வந்ததும் மனைவியிடம் மாட்டிக்கொள்வான். அதுவரை வாங்கிக்கொண்டிருந்தவர் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தார், சொல்லாலும் கையாலும்.

கணவனை அடிப்பது சிரிப்பா என்ற கேள்வி நியாயமானதுதான். எந்தப் பக்கம் விழுந்தாலும் அடி அடிதான். ஆனால் மனைவி அடிவாங்குவதைச் சாதாரணமாகக் காட்டிய பல பத்தாண்டுப் படங்களுக்கு நடுவில் இந்தக் காட்சிகள் பெண்களுக்கு வேறு மாதிரி பட்டிருக்க வேண்டும். குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் சரளாவின் ஸ்டிக்கரை யார் அனுப்புகிறார்கள், எப்போது அனுப்புகிறார்கள் என்று கவனித்தால் தெரியும். அண்ணியும் சின்னம்மாவும் நேரடியாகச் சொல்ல முடியாததை அந்த முறைப்பை அனுப்பிச் சொல்லிவிடுகிறார்கள்.

தியேட்டரிலிருந்து செல்போன் வரை

இந்தக் காட்சிகள் கைக்கு வந்து சேர்ந்த வழியை வரிசையாகப் பார்த்தால் இப்போதைய புகழ் திடீரென்று வந்ததில்லை என்று புரியும்.

1. ஒலி மட்டும். வானொலியில் ஒலிச்சித்திரம், கடைகளில் கதைவசன கேசட். கல்யாண வீட்டு மைக்செட்டிலும் டீக்கடையிலும் வசனம் மட்டும் ஓடியது. குரலாலேயே முகத்தைக் காட்டத் தெரிந்தவர்கள் இங்கே தப்பிப் பிழைத்தார்கள்.

2. 1993இல் சன் டிவி. படங்கள் வீட்டுக்குள் வந்தன. படத்தைப் போட நேரமில்லாத இடங்களில் சிரிப்புக் காட்சிகளை மட்டும் தொகுத்துப் போட்டார்கள். துண்டாக்குதல் இங்கேதான் தொடங்குகிறது.

3. 2009இல் ஆதித்யா டிவி போலச் சிரிப்புக்கென்றே தனி அலைவரிசை. நாள் முழுக்கத் துண்டுகள். படத்தின் பெயர் மூலையில் சின்னதாக வரும், யாரும் பார்ப்பதில்லை. ஒரு தலைமுறைக் குழந்தைகள் இப்படித்தான் இந்தக் காட்சிகளை மனப்பாடம் செய்தார்கள்.

4. யூடியூப். படத்தின் உரிமை வைத்திருக்கும் நிறுவனங்கள் காட்சிகளைத் தனித்தனியாக ஏற்றின.

5. 2016 செப்டம்பரில் ஜியோ. டேட்டா மலிந்தது. தறிக்குடோனிலும் தோட்டத்துச் சாலையிலும் வீடியோ ஓட ஆரம்பித்தது.

6. மீம். இங்கே காட்சியும் போய், ஒரே ஒரு முகபாவம் மிச்சமாகிறது. அதற்குக் கீழே யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதலாம்.

ஆறாவது படியின் வேகத்துக்கு உதாரணம் 2019 மே கடைசி. 2001இல் வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தின் வடிவேலு பாத்திரமான காண்ட்ராக்டர் நேசமணிக்காகப் பிரார்த்திக்கும்படி தமிழர்கள் எழுத, அது தமிழே தெரியாதவர்கள் கண்ணிலும் பட்டு ட்விட்டரில் முன்னணிக்கு வந்தது. பதினெட்டு வருடப் பழைய பாத்திரம், ஒரு சுத்தியல், அவ்வளவுதான். சரளாவின் படங்களும் அதே கிடங்கில்தான் இருக்கின்றன.

அவருக்கு மட்டும் கூடுதலாக ஒன்று உண்டு. அவர் பழைய கிடங்கோடு நின்றுவிடவில்லை. ராகவா லாரன்ஸின் 'காஞ்சனா' (2011) அவரைப் புதிய தலைமுறைக்கு அறிமுகம் செய்தது. பேய்க்குப் பயந்த மகனுக்கு அம்மா. மருமகளாக வரும் தேவதர்ஷினியோடு சேர்ந்து, வீட்டில் நடந்ததை நடித்தே காட்டும் காட்சியில் இரண்டு பேரும் ஒருவர் மூச்சை ஒருவர் வாங்கிக்கொண்டு பேசுவது போல் இருக்கும். 2015, 2019 என்று அடுத்தடுத்த பாகங்களிலும் அந்த அம்மா வந்தார். பத்து வயதுப் பிள்ளைக்கு அவர் காஞ்சனா அம்மா, நாற்பது வயதுக்காரருக்கு வடிவேலு மனைவி, அதற்கு மேலே கரகாட்டக் குழுப் பெண். ஒரே வீட்டில் மூன்று தலைமுறை, மூன்று சரளாக்களைப் பார்த்துச் சிரிக்கிறது.

பணம் யாருக்கு

அதிகம் குழப்பம் இருக்கும் இடம் இது. எளிமையாகச் சொன்னால், படம் தயாரிப்பாளருடையது.

1. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, மாற்றி ஒப்பந்தம் இல்லாதவரை, திரைப்படத்தின் முதல் உரிமையாளர் தயாரிப்பாளர். அந்த உரிமை படம் வெளியான வருடத்துக்கு அடுத்த வருடத் தொடக்கத்திலிருந்து 60 வருடம் நீடிக்கும். 'முந்தானை முடிச்சு' 2043 முடியும் வரை, 'சதி லீலாவதி' 2055 முடியும் வரை உரிமைக்கு உட்பட்டவை.

2. தயாரிப்பாளர் அந்த உரிமையை விற்கலாம். அந்தக் காலத்தில் நெகட்டிவ் உரிமை என்று மொத்தமாக விற்றுவிடுவார்கள். கடனுக்கு ஈடாகப் போன படங்களும் உண்டு. வாங்கியவரிடமிருந்து இன்னொருவர், அவரிடமிருந்து இன்னொருவர் என்று கை மாறும்.

3. நடிகருக்குச் சம்பளம் படம் முடியும்போது முடிந்துவிடும். 1980களில் போட்ட ஒப்பந்தத்தில் இணையம் என்ற சொல் இருக்க வழியில்லை.

4. நிகழ்த்துக் கலைஞர் உரிமை என்று ஒன்று 1994 திருத்தத்தில் வந்தது. 2012 திருத்தம் அதை விரிவாக்கியது. படத்தில் நடிக்க எழுத்து மூலம் சம்மதித்த நடிகர், தயாரிப்பாளர் அந்தப் படத்தைப் பயன்படுத்துவதைத் தடுக்க முடியாது. ஆனால் வணிகப் பயன்பாட்டில் ராயல்டி பெற உரிமை உண்டு என்று அதே பிரிவு சொல்கிறது. தன் நடிப்பைத் தன் பெயருக்குக் கேடு வரும்படி சிதைத்தால் எதிர்க்கும் உரிமையும் இதில் சேர்க்கப்பட்டது.

5. பாடகர்கள் சங்கம் அமைத்து ராயல்டி வசூலிக்கத் தொடங்கினார்கள். நடிகர்கள் பக்கம் அந்த அளவுக்கு வேரூன்றிய ஏற்பாடு இல்லை.

6. யூடியூபில் உரிமையாளர் தன் படத்தைப் பதிவு செய்து வைத்திருந்தால், வேறொருவர் ஏற்றிய துண்டை இயந்திரமே கண்டுபிடிக்கும். உரிமையாளர் அதை முடக்கலாம், அல்லது ஓட விட்டு விளம்பரக் காசைத் தான் வாங்கிக்கொள்ளலாம்.

ஆக, பேக்கரி வாசலில் ஒரு பையன் பார்க்கும் காட்சியின் விளம்பரக் காசு யூடியூபுக்கும் உரிமை வைத்திருப்பவருக்கும் போகிறது. நடித்தவருக்குப் போக வழக்கமான பாதை எதுவும் போடப்படவில்லை. நாற்பது வருட உழைப்பு தினமும் சந்தையில் விலைபோகிறது, விதைத்தவருக்குப் பங்கில்லை. இது முறையில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. 2012இல் சட்டத்தில் எழுதியதை நடைமுறைக்குக் கொண்டுவர நடிகர் சங்கங்களுக்கு வேலை இருக்கிறது.

புகழால் வேறு பலன் உண்டா என்றால் உண்டு. புதுப்படத்துக்கு அழைப்பு, தொலைக்காட்சி நிகழ்ச்சி, விளம்பரம் எல்லாம் முகம் மறக்காமல் இருப்பதால் வருபவை. 2019 மார்ச்சில் அவர் மக்கள் நீதி மய்யத்தில் சேர்ந்தபோது அது உடனே செய்தியானதற்கும் இந்த முகப்பரிச்சயம் ஒரு காரணம்.

குரலை நகல் எடுத்தால்

இப்போது கொஞ்ச நேரக் குரல் பதிவு இருந்தாலே, செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் அதே குரலில் புதிய வசனம் பேசவைக்கின்றன. மீம் பழைய காட்சியைப் பயன்படுத்துகிறது, இது சொல்லாததைச் சொன்னதாக்குகிறது. இரண்டும் சட்டத்தின் கண்ணில் வேறு வேறு.

ஒருவரின் பெயர், உருவம், குரல், பேசும் பாணி ஆகியவற்றை அவர் அனுமதி இல்லாமல் வணிகத்துக்குப் பயன்படுத்தக்கூடாது என்பதை ஆளுமை உரிமை என்கிறார்கள். இதற்கென்று தனிச் சட்டம் இயற்றப்படவில்லை, நீதிமன்றத் தீர்ப்புகள் வழியாக வளர்ந்தது. 2015இல் ரஜினிகாந்தின் பெயரையும் பாணியையும் பயன்படுத்திய இந்திப் படம் ஒன்றுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2022இல் அமிதாப் பச்சனுக்கும் 2023இல் அனில் கபூருக்கும் டெல்லி உயர் நீதிமன்றம் இதேபோன்ற பாதுகாப்பு அளித்தது. கபூர் வழக்கில் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கியவையும் சேர்க்கப்பட்டன.

கவனித்தால், இந்த மூன்று வழக்குகளையும் போட்டவர்கள் பெரிய நாயகர்கள். ஒரு குணச்சித்திர நடிகை ஒவ்வொரு போலிக்கும் வக்கீல் வைத்து நடக்க முடியாது. ஜவுளிக்கடை விளம்பரத்தில் அவர் குரல் கேட்டால் அது அவர் பேசியதா என்று கேட்பவர்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. தெரிந்த பத்திரிகையிலோ தொலைக்காட்சியிலோ வராமல் வாட்ஸ்அப்பில் மட்டும் சுற்றும் எந்தச் செய்தியையும், குறிப்பாக மூத்த நடிகர்களின் உடல்நிலை பற்றியதை, அடுத்தவருக்கு அனுப்பாமல் இருப்பது நல்லது.

துண்டு காட்டாத சரளா

2008இல் வந்த 'உளியின் ஓசை' படத்துக்காகத் தமிழக அரசு அவருக்குச் சிறந்த நகைச்சுவை நடிகை விருது கொடுத்தது. அந்தக் காட்சிகள் செல்போனில் சுற்றுவதைப் பார்ப்பது அபூர்வம். எது சுற்றும் என்பதை விருது முடிவு செய்வதில்லை. முறைப்பும் குரல் ஏற்றமும் தூக்கலாக இருக்கும் துண்டுகளே மேலே வருகின்றன. பார்ப்பவர் அதையே மறுபடி தேடுவார், இயந்திரம் அதையே மறுபடி நீட்டும். கடைசியில் நூற்றுக்கணக்கான படங்களில் நடித்தவரை நான்கைந்து முகபாவங்களாகச் சுருக்கி வைத்திருக்கிறோம்.

2022 டிசம்பர் 30 அன்று பிரபு சாலமனின் 'செம்பி' வெளியானது. கொடைக்கானல் மலையில் பேத்தியோடு வாழும் பழங்குடிப் பாட்டி வீரத்தாயியாகச் சரளா நடித்தார். சிறுமிக்கு நேர்ந்த கொடுமைக்கு நியாயம் தேடும் கதை, பெரும்பகுதி ஒரு பேருந்துக்குள் நடக்கிறது. சுருங்கிய முகம், தளர்ந்த நடை, பழக்கமான அந்தக் குரல் ஏற்றம் எங்கும் இல்லை. 'சின்ன வீடு' படத்தில் இருபத்து மூன்று வயதில் அம்மாவான அதே உடம்பு, அறுபது வயதில் மலைக்காட்டுக் கிழவியாக மாறியிருந்தது. அந்தக் கிழவி பேசாமல் உட்கார்ந்திருக்கும் இடங்களை யாரும் ஒரு நிமிடத்துக்கு வெட்ட முடியாது. வெட்டினால் அங்கே ஒன்றுமே நடக்காதது போலத் தெரியும். பேத்திக்கு என்ன நடந்தது என்று தெரிந்தவருக்குத்தான் அந்த மௌனம் கேட்கும்.